அப்பாவிடமிருந்தா, என்னிடமிருந்தா

கிளிநொச்சி,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகள் கஜேந்தினிக்கு,

இது அப்பாவிடமிருந்து வந்ததா, உங்களிடமிருந்து வந்ததா என்று நீ தொலைபேசியில் கேட்டு ஏழு வாரமாகிறது. அதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றவற்றை ஒளிக்காமல் எழுதலாம். நானும் அண்ணாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் நிஷாந்தனும் உன் வயிற்றில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன், அந்த எண்ணத்தை நீ பொய்யாக்கக் கூடாது. தொலைபேசியில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வருவதில்லை, வந்தாலும் ஏச்சாகத்தான் வருகிறது, அதனால் கடிதம். அடுத்த வீட்டு இராசமலர் அக்கா வியாழக்கிழமை மகனிடம் லண்டனுக்குப் போகிறார். அவரிடம் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். தூளை மூன்று பைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் கடிதத்தில் மணம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் விஷயம். உனக்கு இருப்பது வருத்தம் இல்லை, தலசீமியா நோயைச் சுமப்பது மட்டும்தான். ஈமோகுளோபினில் ஒரு பகுதியைச் செய்கின்ற பரம்பரையலகு எல்லோருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று சோடியாக வருகிறது. உனக்கு அந்தச் சோடியில் ஒன்று பழுது. மற்றது நல்லதாக இருப்பதால் அதுவே வேலையைக் கொண்டுபோகிறது, இரத்தக் கலங்கள் கொஞ்சம் சிறியவையாகவும் வெளிறியும் இருக்கும், அவ்வளவுதான். பின்னிடைவான இயல்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய், இது அதுதான். நிஷாந்தனுக்கு இரண்டும் நல்லவை என்று உங்கள் வைத்தியசாலையில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பிறக்கப்போகும் பிள்ளைக்கு உன்னிடமிருந்து பழுதானது போனாலும் அவரிடமிருந்து நல்லது ஒன்று போகும். பிள்ளை உன்னைப் போல் அதைச் சுமந்துகொண்டு பிறக்கலாம், சுமக்காமலும் பிறக்கலாம், பாதிக்குப் பாதி. தலசீமியா வருத்தக்காரப் பிள்ளையாகப் பிறக்காது. நீ இரவிரவாக இணையத்தில் தேடி வாசிப்பதாக நிஷாந்தன் சொன்னார். நீ வாசிப்பதெல்லாம் இரண்டும் பழுதாக வந்த பிள்ளைகளைப் பற்றியது. நிறுத்து.

இன்னொன்றும் எழுத வேண்டும், அது கொஞ்சம் கஷ்டம். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த காலத்தில் நீ வெளிறிப்போய் இருந்தாய். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள், சாப்பாடு இல்லாமல் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று இரும்புக் குளிசை தந்தார்கள். நான் இரண்டு வருடம் தந்தேன். முருங்கையிலை, பீற்றூட், பேரீச்சம்பழம், ஈரல் என்று கண்டதெல்லாம் தந்தேன், நீ தேறவில்லை. நீ குளிசையை விழுங்காமல் செவ்வரத்தைச் செடியடியில் புதைத்ததை ஒருநாள் பிடித்து ஈர்க்கால் அடித்தேன். காலில் மூன்று கோடு. அன்றைக்கு யாராவது இது இரும்புக் குறைவுதானா என்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும். எல்லோரும் வெளிறியிருந்த காலத்தில் உன்னுடைய வெளிறலுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை, கேள்வி கேட்காமல் எதையும் நம்பமாட்டேன் என்று பெருமை பேசும் எனக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அடித்தது பிழை மகள். இதைத் தொலைபேசியில் சொல்ல என்னால் முடியாது.

இனி அண்ணாவின் விஷயம். நீ சொன்ன கிழமையே சுஜிதனைக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வைத்தேன். இங்கிருந்து வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கிறார்கள், மூன்று வாரம் செல்லும். அவனுக்கும் உன்னைப் போலவே ஒன்று பழுது என்று வந்தது. அவன் பெரிதாக எடுக்கவில்லை, தங்கச்சியிட்ட இருக்கிறதெல்லாம் எனக்கும் வேணும்தானே என்று பகிடி விட்டான். ஆனால் றிப்போட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் மோட்டார் சைக்கிளைக் கழுவினான். அவன் கட்டப்போவது சொந்த மாமி மகள் பிரஷாந்தினியை. அப்பாவிடமிருந்துதான் இது வந்ததென்றால் அப்பாவின் தங்கைக்கும் இருக்கலாம், அவரிடமிருந்து பிரஷாந்தினிக்கும் வந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் இருந்தால் ஒவ்வொரு முறை பிள்ளை தங்கும்போதும் நாலில் ஒரு பங்கு, இரண்டும் பழுதாக வரும். தைமாதம் கல்யாணம், தாலிக்குப் பொன்னுருக்க நாளும் பார்த்தாகிவிட்டது. அந்த இரண்டும் பத்து வயதிலிருந்து ஒன்றுக்காக ஒன்று என்று இருப்பதை நீயும் அறிவாய். வைத்தியர் சொன்னது மிகச் சுருக்கம், பெண்ணுக்குப் பாருங்கள், பெண்ணுக்கு இல்லையென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். அதைப் போய்ச் சொல்லுவதுதான் என் வேலையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மாங்குளத்தில் பஸ் மாறி ஒட்டுசுட்டானுக்குப் போய், அங்கிருந்து முத்தையன்கட்டுக்குப் போனேன். சிவனேஸ்வரி மாமி வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முதல்நாள் யானை வந்து வாழை பத்தும் போய்விட்டதாம், அந்தக் கதை முடிய அரை மணித்தியாலம் ஆனது. பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மாமி துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாதகக் குறிப்புப் பாக்க வேண்டாம், அது மூடநம்பிக்கை எண்டு சொன்னது நீங்கள்தானே மச்சாள். இப்ப ஊசியால குத்திக் குறிப்புப் பாக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். சொன்னது நான்தான். "எங்கட ஐயா எண்பது வயதுமட்டும் மண்வெட்டி பிடிச்சவர். அம்மா ஏழு பெத்தவா. ஆருக்காவது ஒரு போத்தல் இரத்தம் ஏத்தினதோ? வருத்தம் எண்டால் ஆரோ ஒராளில வெளியில தெரிஞ்சிருக்கும்" என்றார். சில இரத்த வருத்தங்கள் அப்படித்தான் என்று சொன்னேன். எங்கள் கந்தோரில் வேலை செய்யும் பத்மாசனியை உனக்குத் தெரியும். அவளுக்கும் தகப்பனுக்கும் மூத்த மகனுக்கும் கண் மஞ்சளாக இருக்கும், இரத்தக் கலங்கள் பந்துபோல உருண்டு மண்ணீரலில் உடைந்து போவதால் வருவது. அதற்குப் பழுதான ஒன்று வந்தாலே காணும், அதுவே போதும், மற்றது நல்லதாக இருந்தும் பயனில்லை, ஆட்சியான இயல்பு. அது தலைமுறை தலைமுறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு நடக்கும், ஊருக்கே தெரியும். எங்களுடையது அப்படியில்லை, நூறு வருடம் சத்தமில்லாமல் வந்து, இரண்டு பக்கமும் சேருகிற அன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். தங்கராசா மாமா அதுவரை கதிரையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், "நாலில ஒண்டுதானே? அப்ப பிள்ளையள் மூண்டோட நிப்பாட்டட்டும்" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. முதல் பிள்ளையே அந்த ஒன்றாக இருக்கலாம், ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்கித்தான் எடுப்பது, முன்னம் விழுந்தது எதையும் அது கணக்கில் எடுக்காது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். மாமியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் வேலைப் பழக்கத்தில் நெல்லுக்குள் போனேன். மாமி விதைநெல் செய்கிறவர், அவருடைய வயலைப் பார்வையிட்டு எழுதுவதே எங்கள் கந்தோர்தான். சிவப்பரிசிப் பயிர் ஒன்றுக்குள் வெள்ளை ஒளிந்திருந்தால் கண்ணுக்குச் சிவப்பாகத்தான் காய்க்கும், அதன் நெல்லை விதைத்தால் அடுத்த போகம் நாலில் ஒரு பயிர் வெள்ளையாகக் காய்க்கும் என்று சொன்னேன். மாமி உடனே பிடித்துக்கொண்டார். "ஓம், கண்டிருக்கிறன்" என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதனால்தானே கதிர் வரும்போது வயலுக்குள் இறங்கி இனம் மாறின கலவன் பயிரைப் பிடுங்குகிறோம் என்று ஒரு வசனம் கூடச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. மாமி எழும்பி நின்றார். "அப்ப என்ர பிள்ளையைக் கலவன் எண்டு பிடுங்கி வரம்பில எறியப் போறியளோ?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "உங்கட பெடியனுக்கு இருக்கு எண்டு தெரிஞ்ச பிறகு, வந்து நிண்டு பதில் சொல்ல ஏலாத மனிசனில ஏன் பழியைப் போடுறியள்? அண்ணா நிண்டிருந்தால் இப்பிடிக் கதைப்பியளோ?" என்று கேட்டார். பிரஷாந்தினி குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்காமல் வந்தேன். சனிக்கிழமைதோறும் ஒட்டுசுட்டான் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடும் தயிர் மூன்று வாரமாக வரவில்லை. கழுவி வைத்த முட்டிகள் இரண்டும் இங்கே குசினியில் கவிழ்த்தபடி இருக்கின்றன.

பஸ்ஸில் வரும்போது ஒரு விஷயம் நினைவு வந்தது, உன் கேள்விக்கு அது விடையாகுமா என்று நீயே பார். சண்டையின் கடைசி வருடத்துக்கு முந்திய வருடம் வைத்தியசாலையில் இரத்தம் கேட்டார்கள் என்று அப்பா போனார். போனவர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். "என்ர இரத்தம் காணாதாம், சாப்பிட்டுப்போட்டு வரட்டாம்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். பகலில் ஒரு மணித்தியாலம் படுக்காமல் அவரால் இருக்க முடியாது, மாமி கூட அந்த நாட்களில் அவரைப் பஞ்சி பிடிச்ச அண்ணா என்றுதான் பகிடி பண்ணுவார். இவற்றையெல்லாம் சேர்த்து, அவருக்குத்தான் இருந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசை. ஆனால் அன்றைக்கு வைத்தியசாலையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பாதிப் பேர். இதைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் களைப்பே இருப்பதில்லை என்று வைத்தியரும் சொன்னார். அப்பா வெறுமனே நித்திரைப் பிரியராகவும் இருந்திருக்கலாம். அவரைக் கேட்க வழியில்லை. அவருடைய பெயரில் ஒரு கோவை நிறையக் கடதாசி இருக்கிறது, எல்லாம் அவரைத் தேடி நாங்கள் மற்றவர்களுக்கு எழுதியவை, ஒன்றிலும் அவருடைய இரத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் மறுநாளே நான் போய் இரத்தம் கொடுத்தேன். வைத்தியர் தேவையில்லை என்றார், இந்த வயதில் எனக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர் சொன்னது சரிதான். ஆனால் நீ கேட்டிருந்தாய். அன்று என் பக்கத்தில் ஒரு தாயும் பெண்பிள்ளையும் இருந்தார்கள். பூநகரியிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்தவர்கள். பிள்ளைக்கு ஒன்பது வயதாம், பார்த்தால் ஆறு என்றுதான் சொல்லலாம். மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்ற வருகிறாள். தாதி சுரேகா ஊசியோடு வந்தபோது அந்தப் பிள்ளை, "அன்ரி, இந்தக் கை வேண்டாம், போன மாசம் வீங்கினது. இதில பாருங்கோ, இந்த நரம்பு நல்லது" என்று விரலால் தொட்டுக் காட்டியது. அழவில்லை, வழி தெரியாதவருக்குப் பாதை சொல்லுகிற மாதிரிச் சொன்னது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு வருத்தமும் இல்லை, இருவரும் நல்ல திடமான ஆட்கள். அந்தப் பிள்ளையின் விரலைத்தான் மாமிக்குச் சொல்லியிருக்க வேண்டும், நெல்லை அல்ல.

நாளைக்கு என் முடிவு வரும். ஒன்றை உனக்கு மட்டும் சொல்லுகிறேன். என்னிடமிருந்து வந்தது என்று இருந்தால் எல்லாம் இலகு, மாமியிடம் போய் என் பக்கத்துப் பழுதுதான், உங்கள் அண்ணாவைச் சொன்னது பிழை என்று சொல்லிவிடலாம், பிரஷாந்தினிக்கு இருக்கக்கூடிய வாய்ப்பும் மிகக் குறைந்துவிடும். அப்படியே வரட்டும் என்றுதான் மூன்று வாரமாக நினைக்கிறேன். ஆனால் சில வேளைகளில் அப்பாவிடமிருந்தே வந்திருக்கட்டும் என்றும் நினைக்கிறேன், அது புத்தியால் வருவதில்லை, ஏனென்று எழுதினால் நீ அழுவாய். இல்லையென்று வந்தால் திரும்பவும் முத்தையன்கட்டுக்குப் போக வேண்டும். அண்ணாவைப் போலவே பிரஷாந்தினிக்கும் இருந்துவிட்டால் என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியாது. விடச் சொல்ல எனக்கு வாய் வராது, செய்யச் சொல்ல மனம் வராது. தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் கேட்கவில்லை, அதைக் கேட்பதற்கே இவ்வளவு பாடு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. இரும்புக் குளிசையை வைத்தியர் இரத்தத்தில் இரும்பைப் பார்த்துச் சொன்னால் மட்டும் எடு, அம்மா அந்தக் காலத்தில் தந்தா என்று நீயாக வாங்கி விழுங்காதே. போலிக் அமிலம் தந்திருந்தால் அதை மறக்காதே. குளிருக்குள் வெறுங்காலோடு திரியாதே. பிள்ளை பிறந்ததும் அதற்கும் சோதிக்கலாமா என்று கேட்டு வை, வருத்தத்துக்காக இல்லை, பிள்ளை வளர்ந்து ஒருவரைக் கட்டும் நாளில் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. உன்னுடைய றிப்போட்டின் பிரதி ஒன்றை அண்ணாவுக்கு அனுப்பு, இதை நான் மூன்றாம் முறையாக நினைவுபடுத்துகிறேன். நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும். நான் அதிகம் கும்பிடுகிறவள் இல்லை, ஆனால் இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா.

திங்கள் பின்னேரம்.

கடிதத்தை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. அரைநாள் லீவு போட்டுக் காலையில் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் வாங்கில் பிரஷாந்தினி இருந்தாள், பக்கத்தில் மாமி. நான் அன்று முத்தையன்கட்டிலிருந்து திரும்பிய அதே கிழமை அவள் அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இரத்தம் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் யாருக்கும் மூச்சு விடவில்லை. நேற்றுத்தான் தாயிடம் சொல்லியிருக்கிறாள், தாய் ஏசிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். மாமி என்னைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்தார். நான் இரண்டு இடம் தள்ளி இருந்தேன்.

சுரேகா முதலில் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு இரண்டும் நல்லவை. ஆகவே உன் கேள்விக்கு விடை, அப்பா. அவரைச் சோதிக்காமலே தெரிந்துவிட்டது. பிறகு பிரஷாந்தினி உள்ளே போய் ஒரு தாளோடு வந்தாள். அதைத் தாயிடம் கொடுத்தாள். மாமி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டி, "வாசியுங்கோ" என்றார், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் சொல். இரண்டு முறை வாசித்தேன், இலக்கங்களையும் பார்த்தேன். இல்லை என்றேன், பிரஷாந்தினிக்கு இல்லை, தைமாதம் தாராளமாகச் செய்யலாம் என்றேன். பிரஷாந்தினி தொலைபேசியோடு வெளியே ஓடினாள். மாமி, "தயிர் முட்டி ரெண்டும் உங்களிட்டயெல்லோ நிக்குது, வெறும் முட்டியை வச்சு என்ன செய்யிறியள்?" என்றார். அடுத்த பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றேன். பிறகு என்னுடைய தாளைக் காட்டி, "உங்கட?" என்று கேட்டார். எனக்கும் இல்லை என்றேன். மகளின் தாளை வாங்கி நாலாக மடித்தார். "அப்ப அண்ணாட்ட இருந்துதான்" என்றார். ஓம் என்றேன். அவர் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். "சுஜிக்கும் குடுத்திருக்கிறார், கஜேக்கும் குடுத்திருக்கிறார். எங்கட பக்கம் ஒண்டும் வரேல்லை" என்றார்.

பிறகு எழும்பிச் சுரேகாவிடம் போய், அண்ணாவிடம் இருந்தது தனக்கும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள், "அம்மா, மகளுக்கு இல்லையெண்டால் காணும், உங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. தேவையில்லாத பரிசோதனைகளைப் பற்றி நான் எவ்வளவு கதைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். நான் போய், எடுங்கோ தங்கச்சி, வைத்தியரிடம் நான் சொல்லுகிறேன் என்றேன். மாமி சட்டைக் கையை மடித்துவிட்டு இருந்தார். எதிர்பார்த்து ஏமாறக் கூடாதே என்று, உங்கள் அண்ணாவுக்கு இருந்தபடியால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்லலாம், ஆனால் உங்கள் ஒரே மகளுக்கு இல்லையென்று வந்த பிறகு மூன்றில் ஒரு பங்குதான் மச்சாள் என்று சொன்னேன். "மூண்டில ஒண்டு காணும்" என்று கையை நீட்டினார்.